சில நாள் வந்து போகும் மனப்பிறழ்வு: டாக்டரிடம் பதில் வாங்குவது எப்படி?

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பிராது எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவது இங்கே வழக்கம். சாமிக்கே அவ்வளவு விவரமாக எழுதுகிற நாம், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "நடுவுல கொஞ்ச நாள் ஒரு மாதிரியா இருந்தான் சார், இப்ப பரவாயில்ல" என்று முடித்துவிடுகிறோம். சில நாட்களே வந்து போகும் மனப்பிறழ்வில் இந்தச் சுருக்கம் பெரிய நஷ்டம்.

நேற்று வரை ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவராகவோ, ஃபியூஸ் கேரியர் பட்டறையில் சூளை பார்ப்பவராகவோ இருக்கலாம். இரண்டு மூன்று இரவு தூக்கம் கெடுகிறது. பிறகு ஆளே மாறிப்போகிறார். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னையே பார்ப்பதாகச் சொல்கிறார். சோற்றில் ஏதோ கலந்திருப்பதாகத் தட்டைத் தள்ளுகிறார். அழுகையும் சிரிப்பும் பயமும் ஒரே நாளுக்குள் மாறி மாறி வருகின்றன. வீட்டில் ஒருவர் காத்து கருப்பு என்பார், இன்னொருவர் செய்வினை என்பார். பத்துப் பதினைந்து நாளில் மருந்தாலோ தானாகவோ தெளிந்து, பழையபடி வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். நடந்தது என்ன என்ற கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயர் காலக்கணக்கை வைத்துத்தான் கிடைக்கும். ஒரு நாளாவது நீடித்து, ஒரு மாதத்துக்குள் அடங்கி, ஆள் முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்பினால் அது குறுகியகால மனப்பிறழ்வு என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, இரண்டு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய் மூன்று மாதத்துக்குள் தெளிவதை இந்த வகையில் சேர்க்கிறது. மாதங்கள் கடந்தும் நீடித்தால் மனச்சிதைவு நோயா, இருமுனை மனநிலைக் கோளாறா என்று யோசிக்க வேண்டிவரும். ஆகவே முதல் வாரத்தில் "இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது" என்கிற டாக்டர் மழுப்பவில்லை. என் கணிப்பில், முதல் நாளே பெரிய பெயராக எழுதித் தருபவரைவிட இவரைக் கூடுதலாக நம்பலாம்.

இன்ன நோய் என்று காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இதற்குக் கிடையாது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். ஒன்றும் இல்லை என்பதே நல்ல செய்திதான். வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிப்படுத்தவே அந்தச் சோதனைகள். கடும் காய்ச்சல், மூளைக்காய்ச்சல், தைராய்டு கோளாறு, ரத்தத்தில் சோடியம் குறைவது, குடியைச் சட்டென நிறுத்துவது, கஞ்சா, ஸ்டீராய்டு மாத்திரை, சில காசநோய் மருந்துகள் ஆகிய எல்லாமே இதே போன்ற குழப்பத்தை உண்டாக்கக்கூடியவை. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை அழற்சி 2007இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. அதற்கு முன் அப்படி வந்தவர்களில் பலர் வெறும் மனநோயாளிகள் என்றே எண்ணப்பட்டிருப்பார்கள். வலிப்பு, காய்ச்சல், கைகால் முறுக்கல் கூட இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பிரசவமான முதல் சில வாரங்களில் வந்தால் அது அவசரம். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே காட்ட வேண்டும்.

இந்த ஊருக்கென்று ஒன்று. பீங்கான் மேல் பூசும் கிளேஸில் ஈயம் சேர்ந்த வகைகளும் உண்டு. ஈயம் உடம்பில் அதிகம் ஏறினால் மூளையையும் பாதிக்கும். கிளேஸ் கலக்கும் வேலையில் இருப்பவர் என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எழுதிக்கொண்டு போக வேண்டியது என்ன? "ஞாயிறு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. திங்கள் காலை, டிவியில் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னான். செவ்வாய் லேசான காய்ச்சல். வெள்ளிக்கிழமை மாத்திரை ஆரம்பித்தோம். அடுத்த புதன்கிழமை அவனாகவே குளித்துச் சாப்பிட்டான்." இவ்வளவு போதும். அதோடு முன்பு எப்போதாவது இப்படி வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும். அவர் பேசுவதைப் போனில் சிறிதாகப் பதிவு செய்து டாக்டருக்கு மட்டும் காட்டலாம். வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பாதீர்கள். தெளிந்த பிறகு அவர் அந்த ஊரில்தான் வாழ வேண்டும்.

வீட்டாரின் சாட்சியம் எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடு முன்பே அறியும். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு வீட்டாரும் கூடவே தங்கும் முறைக்குப் பேர் பெற்ற இடம் அது. திடீர் மனப்பிறழ்வு பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்விலும் வேலூர் ஒரு மையம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பெரும்பாலானோர் தேறியிருந்தார்கள். அதற்காக அலட்சியம் கூடாது. சிலருக்கு மறுபடி வரும், சிலருக்கு அது நீண்டகால நோயின் முதல் படியாக இருக்கும்.

மருந்தைப் பாதியில் நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தெளிந்த பிறகும் சில மாதங்களுக்கு மாத்திரை தொடர்வது வழக்கம். ஊசியோ மாத்திரையோ ஆரம்பித்த ஓரிரு நாளில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே சொருகும், நாக்கு தடிக்கும். பார்க்கிறவர்கள் பேய் திரும்பி வந்துவிட்டதாக மிரண்டுபோவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு. மருத்துவமனையில் மாற்று ஊசி போட்டால் சீக்கிரமே சரியாகும். மாத்திரையை மாற்றவோ அளவைக் குறைக்கவோ முடியும். எழுந்து போவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: "எதையெல்லாம் சந்தேகப்பட்டு இல்லை என்று முடிவுசெய்தீர்கள்? மருந்து எதுவரை? மறுபடி வருவதற்கு முதல் அடையாளம் எது?" கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில், தூக்கம் கெடுவது.

குணசீலத்துக்கோ வேறு கோயிலுக்கோ போவதை யாரும் தடுக்கப்போவதில்லை. மாத்திரை டப்பாவும் பையில் இருக்கட்டும். கட்டிப்போடுவது மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. தன் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையையும் அதே சட்டம் நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது முறை வந்தால் புது டாக்டருக்கு அதுதான் ஆதாரம்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். பெரிய பரிசோதனைகளுக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு வந்தால் கிழமை பார்க்காமல் 108ஐ அழையுங்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லையா? டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.