உருக்குத் துண்டில் பிறந்த இசை



பாடகர் இல்லாமலே, படப்பாட்டின் மெட்டை ஒரு வாத்தியம் இழைந்து இழைந்து வாசிப்பதை நாம் வானொலியில் கேட்டிருப்போம். அதுதான் ஹவாயன் கித்தார். அந்த ஒலியை நமக்குத் தந்த முன்னோடிகளை இன்று நினைத்துப் பார்ப்போம்.

சாதாரணக் கித்தாரில் விரலால் தந்தியை அழுத்துவார்கள். இதிலோ கித்தாரை மடியில் கிடத்தி, உருக்குத் துண்டு ஒன்றைத் தந்திகளின்மேல் வழுக்கி இழுப்பார்கள். நம் கோட்டுவாத்தியத்தைப் போலத்தான். அதனால் சுரம் விட்டுச் சுரம் தாவாமல், மனிதக் குரல்போல் குழைந்து வரும்.

இம்முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜோசப் கெக்குக்கு. இவர் 1874-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் பிறந்தவர். பள்ளி மாணவராக இருந்தபோதே தண்டவாளத்து ஆணி, சீப்பு, பேனாக்கத்தி எனக் கிடைத்ததையெல்லாம் தந்தியில் வைத்துப் பார்த்தாராம். பிறகு பள்ளிப் பட்டறையில் தாமே ஓர் உருக்குத் துண்டைச் செய்துகொண்டார். அவரைப் பார்த்து உடன் படித்தவர்களும் கற்றுக்கொண்டார்கள். 1904-இல் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். அங்கே வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்து, 1932-இல் மறைந்தார்.

அவர் மறைந்தாலும் ஒலி மறையவில்லை. சமோவாவில் பிறந்த தாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி இவ்விசையை வளர்த்தார். பிரிஜ் பூஷண் காப்ரா அதிலே இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். விஷ்வ மோகன் பட் தந்திகளைக் கூட்டி, மோகன வீணையாக்கி, 1994-இல் கிராமி பரிசு பெற்றார்.

நேயர்களே, இத்தனைக்கும் வித்து ஒரு சிறுவனின் கையிலிருந்த இரும்புத் துண்டு! நம் வீட்டுப் பிள்ளை தகர டப்பாவைத் தட்டி ஓசை கேட்டுக்கொண்டிருந்தால் உடனே அதட்ட வேண்டாம். அம்முன்னோடிகளுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.