பூல் டேபிளின் பச்சைத் துணி: இத்தனை அதிசயம் இருப்பது தெரியுமா?

தை மாதம் திருவாரூரைச் சுற்றி அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கியதும் காற்றில் மங்கலாக ஒரு தூசி எழும்புமே, அதற்கும் பூல் ஆடுகிறவர்கள் க்யூ கம்பின் நுனியில் தேய்த்துக்கொள்ளும் நீலக் கட்டிக்கும் உறவு உண்டு, தெரியுமா? இரண்டிலும் இருப்பது சிலிக்கா! ஆற்று மணலில் மின்னுகிற அதே சிலிக்கா! மாடி ஹாலில் ஆசை ஆசையாக ஒரு பூல் டேபிள் வாங்கிப் போட்டிருக்கும் டெல்டா வீட்டுக்காரர் முதலில் அறிய வேண்டிய செய்தி இதுதான். அவர் டேபிளின் பச்சைத் துணிக்கு வீட்டுக்குள் ஒரு எதிரி, வயலில் ஒரு எதிரி. இரண்டும் ஒரே குலம்!

அந்த நீலக் கட்டியை எல்லோரும் சாக் என்கிறோம். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸின் தம்பி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பழைய காலத்தில் உண்மையிலேயே சுண்ணக்கட்டியைத்தான் தேய்த்தார்கள். 1897இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் சேர்ந்து ஒரு புதுக் கட்டிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதில் இருந்தது சிலிக்காவும் குருந்தக்கல் இனத்து உராய்வுத் தூளும். குருந்தம் எவ்வளவு கடினம் தெரியுமா? கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் குருந்தத்துக்கு 9! மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே! அப்படிப்பட்ட கல்தூளை ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் க்யூ நுனியில் பூசி, துணிமேல் உதிரவும் விடுகிறோம்.

உதிர்ந்த தூள் சும்மா இருக்காது. இழைகளுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். 160, 170 கிராம் எடையுள்ள பந்து அதன்மேல் உருளும் ஒவ்வொரு முறையும் கல்துகள் கம்பளியை அராவுகிறது. ஆகவே சாக்கை டேபிளுக்கு மேலே பிடித்துத் தேய்க்கவே கூடாது. விலகி நின்று தேய்க்க வேண்டும். தேய்த்தபின் நுனியை வாயால் ஊதக் கூடாது. கட்டியை விளிம்பில் கவிழ்த்து வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் வீட்டுப் பிள்ளைகள் பழகிக்கொண்டாலே துணியின் ஆயுள் கூடிவிடும்!

இனி வயல் பக்கம் வாருங்கள். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தாளிலும் உமியிலும் சேமித்துவைக்கிறது, தெரியுமா? தண்டு நிமிர்ந்து நிற்கவும் பூச்சிக்குக் கடித்துத் தின்னக் கடினமாக இருக்கவும் பயிர் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. உமியை நன்றாக எரித்தால் மிஞ்சும் சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான்! நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கினார்களே, அந்தக் கரிக்குத் தேய்க்கும் வலு வந்ததே இதனால்தான். பல்லையே தேய்க்கும் பொருள் கம்பளியை விட்டுவைக்குமா? குறுவைக்குப் புரட்டாசி, சம்பாவுக்குத் தை, தாளடிக்கு மாசி என்று தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரத்தில் தூசிக்கும் பருவம் உண்டு. ரைஸ் மில்லுக்குப் பக்கத்து வீடு என்றால் ஆண்டு முழுதும் தூசிப் பருவம்தான். இந்த நாட்களில் வயலைப் பார்த்த ஜன்னல் சாத்தியிருக்கட்டும், தினம் ஒரு தடவை பிரஷ் போடுங்கள். அதற்கும் முன்னால் டேபிளுக்கு நேர் மேலே சுற்றும் மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துவிடுங்கள். துணியைச் சுத்தம் செய்துவிட்டு விசிறியைப் போட்டால் பாடுபட்டதெல்லாம் வீண்!

துணி ஏன் பச்சையாக இருக்கிறது தெரியுமா? பூலுக்கு மூத்த ஆட்டமான பில்லியர்ட்ஸ் ஒரு காலத்தில் புல்தரையில் ஆடிய ஆட்டம்! 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது, புல்லின் நினைவாகப் பச்சைத் துணி விரித்தார்கள். பிரான்ஸ் மன்னர் பதினோராம் லூயி 1470 வாக்கிலேயே வீட்டுக்குள் ஒரு டேபிள் வைத்திருந்தார். ஸ்காட்லாந்து ராணி மேரி சிறையில் இருந்தபோது தன் பில்லியர்ட்ஸ் டேபிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று 1576இல் முறையிட்டார். 1587இல் அவர் தலை வெட்டப்பட்டபின் உடலைச் சுற்றியது அந்த டேபிளின் துணிதான் என்று இன்றும் சொல்கிறார்கள். அம்மாடி!

பெல்ஜியத்தில் இவான் சிமோனிஸ் என்ற துணி நிறுவனம் 1680இல் தொடங்கியது. அப்போது தஞ்சையை ஆண்டவர் ஏகோஜி! அந்த நிறுவனம் இன்றும் பூல் டேபிளுக்குத் துணி நெய்து உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? பூலின் பங்காளி ஆட்டமான ஸ்னூக்கரின் துணிக்கு இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பக்கம் பேர்போனது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு; பராமரிப்பு முழுவதும் அதைப் பொறுத்தது. ஸ்னூக்கர் துணியில் ரோமம் எழுப்பி, ஒரே திசையில் படிய வாரியிருப்பார்கள். பூல் போட்டிகளுக்கு வரும் துணியில் ரோமமே தெரியாது, மழமழவென்று இருக்கும். உங்கள் வீட்டுத் துணி எந்த வகை? உள்ளங்கையை நீளவாக்கில் ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பும் எதிர்ப்பக்கம் சொரசொரப்பும் தெரிந்தால் ரோமத் துணி. வழுவழுப்பாகக் கை ஓடிய திசைதான் ரோமம் படிந்த திசை.

பிரஷ் அந்தத் திசையில் மட்டுமே போக வேண்டும். ஸ்னூக்கர் டேபிளில் ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் முனைக்கு ரோமம் படிந்திருக்கும். மெதுவாகக் குறுக்கே உருளும் பந்து இந்த ரோமத்தால் வழி விலகும், தெரியுமா? நல்ல ஆட்டக்காரர்கள் அதையும் கணக்கில் வைத்துத்தான் அடிக்கிறார்கள்! வட்டவட்டமாகத் தேய்த்தால் அந்த ஒழுங்கு குலைந்துபோகும். நேர்கோட்டில், ஒரே நீள இழுப்பாக, ஒன்றன் பக்கம் ஒன்றாக வாருங்கள். டேபிள் விளிம்பில் உள்ள ரப்பர் குஷனுக்கு அடியில் உள்ள இடுக்கில்தான் தூள் அதிகம் தங்கும் என்பதால் அதை முதலில் கிளறிவிடுங்கள். வாக்யூம் வைத்திருந்தால் குறைந்த வேகத்தில், மிருதுவான பிரஷ் முனையோடு, துணியைத் தூக்கி இழுக்காதபடி ஓட்டுங்கள். ரோமமில்லாத துணி என்றால், தூள் எடுத்தபின், நூல் உதிராத வேறொரு துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து மெல்ல ஒற்றலாம். ரோமத் துணிமேல் ஈரம் வேண்டவே வேண்டாம்.

ரோமத் துணிக்கு இஸ்திரி போடுவார்கள் என்பது தெரியுமா? ஆமாம், டேபிள்மேலேயே! அதற்கென்றே கனமான இஸ்திரிப்பெட்டி இருக்கிறது. முதலில் செய்தித்தாளில் வைத்துப் பார்ப்பார்கள். தாள் பழுப்பேறினால் சூடு அதிகம். பிறகு ரோமத்தின் திசையில், எங்கும் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக இழுப்பார்கள். குஷன் ரப்பர்மேல் சூடு படக் கூடாது. வீட்டு டேபிள்களில் நைலான் நிறையக் கலந்த துணியே அதிகம். கொஞ்சம் அசந்தால் இளகிவிடும். எந்தத் துணி என்று உறுதியாகத் தெரியாதவர்கள் இஸ்திரியை எடுக்காமலிருப்பதே மேல். இங்கே இன்னொரு ஆச்சரியம்! மின் இஸ்திரிப்பெட்டி சூடாவது நிக்ரோம் கம்பியால். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பர்ட் மார்ஷ் அதைக் கண்டுபிடித்தபோது கூடவே உழைத்தவர் யார் தெரியுமா? மேலே பார்த்த அதே ஹாஸ்கின்ஸ்! துணியில் தூள் உதிர்க்கும் சாக்கிலும் அவர் கை, துணியைச் சீராக்கும் சூட்டிலும் அவர் கை!

நம் தமிழ்நாட்டுக்கு இந்தத் துணிமேல் பெரிய உரிமை இருக்கிறது, தெரியுமா? 1875இல் ஜபல்பூரில் மழைக்காலம். வெளியே போக முடியாமல் பில்லியர்ட்ஸ் டேபிளைச் சுற்றியே பொழுதைப் போக்கிய ராணுவ அதிகாரிகளில் நெவில் சேம்பர்லைன் என்ற இளைஞர் பல நிறப் பந்துகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டம் ஆடினார். அதுதான் ஸ்னூக்கர்! பிறகு அவர் சென்னைப் படைத் தளபதியோடு ஊட்டிக்கு வந்தார். 1882இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. உலகம் முழுவதும் ஆடும் ஒரு ஆட்டத்தின் விதி நீலகிரியில் எழுதப்பட்டது என்பதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

மழை பெற்றெடுத்த ஆட்டம்தான், ஆனால் மழைதான் துணிக்குப் பெரும் தொல்லை. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தைக் குடித்துவிட்டும், தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும்! கைக்குத் தெரியாத ஈரம் பந்துக்குத் தெரிந்துவிடும்; ஓட்டம் மந்தமாகும். பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் டேபிளின் கற்பலகைக்கு அடியில் ஹீட்டர் வைத்துத் துணியை உலர்வாக வைத்திருக்கிறார்கள், தெரியுமா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திருவாரூர் வீட்டுக்கு அத்தனை ஏற்பாடு வேண்டாம். ஏசி இருந்தால் ஆடுவதற்கு முன் சிறிது நேரம் போடுங்கள். இல்லையென்றால் மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்து காற்றோடவிடுங்கள். பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம்! ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்து அது பூசணம் பூக்க வழி செய்துவிடும். கெட்டியான பருத்தித் துணி, ஒரு பழைய ஜமக்காளம்கூடப் போதும். போர்த்துவதற்கு முன் நன்றாக உதறிவிட வேண்டும்.

கம்பளி கெரட்டின் என்ற புரதம். நம் தலைமுடியும் நகமும் அதே இனம்தான்! கெரட்டினைச் செரிக்கக்கூடிய உயிர்கள் குறைவு. துணி அந்துப்பூச்சியின் புழு அவற்றில் ஒன்று. பத்தாயத்து நெல்லில் வருமே அந்து, அது வேறு, அதற்குக் கம்பளி வேண்டாம். துணி அந்து இருட்டையும் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தையும் தேடும். மாதக்கணக்கில் மூடியே கிடக்கும் டேபிளில், குஷன் இடுக்கில் அது குடியேறும். வசம்பைத் துணிப்பையில் கட்டி ஓரங்களிலும் பந்து விழும் பைகளிலும் போட்டுவைப்பது நம் வீடுகளின் பழைய வழி. அதைவிட நல்ல மருந்து அடிக்கடி ஆடுவதுதான்!

கேரம் ஆடிப் பழகிய கைக்கு ஒரு எச்சரிக்கை. உலகக் கேரம் சாம்பியன் மரிய இருதயத்தைத் தந்த மாநிலம் இது. போர்டில் பவுடர் தூவுவது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பூல் டேபிளில் அது நேர் எதிர்! கை வழுக்கப் பூசும் டால்கம் பவுடர்கூடத் துணியில் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். பந்துகளையும் மறக்காதீர்கள். அழுக்குப் பந்து சாக்தூளை டேபிள் முழுக்கச் சுமந்து பரப்பும். வெதுவெதுப்பான நீரில் துடைத்து உலர்த்தியே உருட்டுங்கள். காபி கொட்டிவிட்டால் தேய்க்காமல் வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

துணியில் நீளமாக வெள்ளைக் கோடுகள் விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது அழுக்கல்ல, சூடு! ஓங்கி அடித்த பந்து முதலில் உருளுவதில்லை, சறுக்குகிறது. அந்த உராய்வில் இழை கருகியோ இளகியோ போகிறது. எந்தப் பிரஷுக்கும் அது போகாது. ஆட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு துணித்துண்டை வைத்து, அதன்மேல் வெள்ளைப் பந்தை வைத்து அடிப்பவர்கள் உண்டு. வீட்டுக்கு அது நல்ல வழி.

நம் களிமண் கோடையில் வெடித்து மழையில் ஊதுவதால், தரை சற்றே அசைந்தாலும் பந்து ஒரு பக்கமே ஒதுங்கி அந்த வழியில் துணி சீக்கிரம் தேயும். புரட்டாசி அறுவடைத் தூசி அடங்கியதும் கொத்தனாரின் ரசமட்டத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். இடுக்குத் தூளை எடுத்து, வசம்புப் பையை மாற்றிவிட்டால் ஐப்பசி மழைக்கு டேபிள் தயார்.