கீழ்த்தாடையில் இம்பிளாண்ட்: துளையிடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1965-ஆம் ஆண்டு பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற மருத்துவர், எலும்போடு இணைந்துகொள்ளும் டைட்டானியம் பல் இம்பிளாண்ட்களை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். பொருத்திய இடம் கீழ்த்தாடை. அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை அவை பயன்பட்டன. இன்று சிறு நகரங்களின் பல் கிளினிக்குகளில்கூட இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது. ஆனால் கீழ்த்தாடையின் உள்ளமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். அதைப் பார்க்காமல் துளையிட்டால் சிக்கல் வரலாம்.

எலும்புக்குள் ஓடும் நரம்பு

காதுக்குக் கீழே, தாடையின் உட்பக்கமாக நுழையும் ஒரு நரம்பு, ரத்தக் குழாய்களோடு சேர்ந்து எலும்புக்குள் ஒரு கால்வாய் வழியாக முன்னோக்கி வருகிறது. கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு உணர்ச்சி தருவது அதுதான். முன்கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே உள்ள மோவாய்த் துளை வழியே அதன் ஒரு கிளை வெளியேறி, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்கிறது.

இந்தப் பாதை எல்லோருக்கும் ஒன்றல்ல. மோவாய்த் துளை சிலருக்குச் சற்று முன்னால் இருக்கும், சிலருக்குப் பின்னால். சிலருக்கு ஒரே பக்கத்தில் இரண்டு துளைகள்கூட உண்டு. சிலருக்கு நரம்பு துளையைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் முன்னே போய், வளைந்து திரும்பி வந்து வெளியேறும். அப்போது துளைக்கு முன்னால் இருக்கும் எலும்பும் பாதுகாப்பான இடமல்ல. கால்வாயே இரண்டாகப் பிரிந்திருப்பதும் உண்டு. மரப்பு ஊசி போட்ட பிறகும் சிலருக்குக் கீழ்ப் பல் மரக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல் போன பிறகு எலும்பும் கரைகிறது. பல ஆண்டுகள் பல்செட் போட்டவர்களுக்கு எலும்பின் உயரம் குறைந்து, மோவாய்த் துளை ஈறுக்கு அடியிலேயே வந்துவிடலாம். இவர்களுக்கு இம்பிளாண்ட் தேவை அதிகம். அதைப் பொருத்த இருக்கும் எலும்போ மிகக் குறைவு.

படம் காட்டும் அளவு

இம்பிளாண்டின் நுனிக்கும் நரம்புக் கால்வாய்க்கும் இடையே குறைந்தது 2 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. இந்த இடத்தில்தான் கணக்கு பிசகுகிறது. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, அளவைப் பெரிதாக்கிக் காட்டும். 25 சதவீதம் பெரிதாக்கும் படத்தில் கால்வாய்க்கு மேலே 15 மி.மீ. எலும்பு தெரிந்தால், உண்மையில் இருப்பது 12 மி.மீ.தான். இடைவெளியைக் கழித்தால் 10 மி.மீ. இம்பிளாண்டுக்கே இடம். படத்தை அப்படியே நம்பி 13 மி.மீ. இம்பிளாண்டைத் தேர்ந்தெடுத்தால் அது கால்வாய்க்குள் இறங்கிவிடும். போதாக்குறைக்கு, பல டிரில்களின் கூர்நுனி, குறித்த ஆழத்தைவிடச் சற்று கீழேயும் போகும்.

நரம்பு அடிபட்டால் முகம் கோணாது. முகத்தை அசைப்பது வேறு நரம்பு. அதனால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு உதட்டோரம் தேநீர் வழிவது உறைக்காது. சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். சிலருக்கு மரத்துப்போவதோடு நிற்காமல் எரிச்சலும் வலியும் சேரும்.

நாக்குப் பக்கத்து ஆபத்து

கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு அடியில், நாக்குப் பக்கமாக எலும்பில் ஒரு குழிவு உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்று அதை ஒட்டி இருக்கிறது. குழிவு ஆழமாக உள்ளவர்களுக்கு நேராக இறக்கும் டிரில் எலும்பின் உட்சுவரைத் துளைத்து வெளியே வந்துவிடலாம். கோரைப் பற்களுக்கு நடுவிலுள்ள முன்பகுதி நரம்புக் கால்வாய்க்கு அப்பால் இருப்பதால் ஆபத்தில்லாதது என்று கருதுவதும் சரியல்ல. அங்கேயும் நாக்குப் பக்கத்தில் சிறு துளைகள் வழியே தமனிக் கிளைகள் எலும்புக்குள் நுழைகின்றன.

அவை அறுந்தால் நாக்குக்கு அடியில் ரத்தம் தேங்கி, வீக்கம் நாக்கை மேலே தள்ளி, மூச்சுப் பாதையை அடைக்கக்கூடும். இது அரிது, ஆனால் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கேன் எதற்கு?

1990-களின் இறுதியில் வந்த சி.பி.சி.டி. ஸ்கேன், தாடையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டுகிறது. எலும்பின் உயரம், அகலம், உட்குழிவு, கால்வாயின் பாதை எல்லாவற்றையும் அதில் அளக்கலாம். கதிர்வீச்சு ஓ.பி.ஜி.யைவிட அதிகம், வழக்கமான சி.டி. ஸ்கேனைவிடப் பொதுவாகக் குறைவு. எலும்பு போதாது என்று தெரிந்தால் குட்டையான இம்பிளாண்ட், எலும்பு ஒட்டு, பிரிட்ஜ், பல்செட் என்று வேறு வழிகள் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது

நரம்புக்கு மேலே எத்தனை மி.மீ. எலும்பு இருக்கிறது, எத்தனை மி.மீ. இம்பிளாண்ட் போடப்போகிறீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மரப்பு ஊசியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகும் உதடு மரத்தே இருந்தால், 'தானாகச் சரியாகும்' என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். நரம்பை அழுத்தும் இம்பிளாண்டை முதல் ஓரிரு நாளுக்குள் எடுத்தால்தான் உணர்ச்சி திரும்பும் வாய்ப்பு அதிகம். நாக்குக்கு அடியில் வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.