வீட்டு மரங்கள் – 9: குழியின் ஆழமும் கன்றின் கழுத்தும்

ஒட்டு மாங்கன்றுக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி வேண்டும் என்று கேள்விப்படும் பலர், கன்றையும் அந்த ஆழத்திலேயே இறக்கிவிடுகின்றனர். குழி வெட்டப்படுவது இறுகிக் கிடக்கும் மண்ணைப் பொலபொலப்பாக்கி இளவேர்கள் தடையின்றிப் பரவ வழி செய்வதற்கே அன்றி, கன்றைப் புதைப்பதற்கு அன்று. ஆகவே, வெட்டிய குழியைச் சில வாரங்கள் வெயிலில் ஆறப்போட்டு, மேல்மண்ணுடன் மட்கிய தொழுவுரத்தைக் கலந்து தரைமட்டம் வரை நிரப்பிய பிறகு, அதன் நடுவே கன்றின் மண்கட்டி கொள்ளுமளவு மட்டும் பறித்து நட வேண்டும். நிரப்பிய மண்ணுக்கு முன்கூட்டியே நீர் விட்டு அமுங்கச் செய்யாவிடில், சரியான மட்டத்தில் வைத்த கன்றும் முதல் பெருமழையில் மண்ணோடு சேர்ந்து கீழிறங்கிவிடும்.

இவ்வளவு கவனம் தேவைப்படுவது, வேரும் தண்டும் சேருமிடமாகிய கழுத்துப் பகுதியின் பொருட்டே. அதற்கு மேலுள்ள பட்டை காற்றுப்பட வாழ்வது. ஈரமண் ஓயாமல் அதை மூடியிருந்தால் பட்டை அழுகி, இலைகள் தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்கும் பாதை அறுபடுகிறது. ஒட்டுக்கன்றில் இன்னொரு காரணமும் உண்டு. கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடியின் மீது இமாம்பசந்த், பங்கனப்பள்ளி போன்ற விரும்பிய இரகத்தின் கிளைத்தண்டைப் பொருத்தி வளர்ப்பதே ஒட்டு என்பதால், இரண்டும் இணைந்த இடம் தரைக்கு மேல் அரையடியாவது தெரிய வேண்டும். அந்த இணைப்பு கண்ணில் பட்டால்தான், கீழிருந்து கிளம்பும் தளிர் வேர்ச்செடிக்குரியது என்று கண்டு கிள்ளியெறிய முடியும். பெரும்பாலும் அந்தத் தளிரே வாளிப்பாக வளர்வதால், வீட்டார் அதையே மகிழ்ந்து போற்றி, வாங்கிய இரகத்தை நலியவிடுவதும் உண்டு. நாற்றங்காலில் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவையும், இணைப்பு நன்கு கூடியபின் அவிழ்க்காவிடில், தண்டு பருக்கும்போது அது பட்டைக்குள் பதிந்து இறுக்கும்.

தென்னங்கன்றைப் பொறுத்தவரை நடைமுறை வேறு. மூன்றடிக் குழியில் தொழுவுரம், செம்மண், மணல் ஆகியவற்றைச் சமமாகக் கலந்து இரண்டடி வரை மட்டுமே நிரப்பி, தரைமட்டத்துக்குக் கீழேயே கன்று நடப்படுகிறது. மாமரத்தைப் போல ஆணிவேர் இறக்காத தென்னை, தண்டின் அடிப்பகுதியிலிருந்து வாழ்நாள் முழுவதும் புதுவேர்களை விட்டுக்கொண்டே இருப்பது. அந்த அடிப்பகுதி மண்ணுக்குள் இருந்தால்தான் வேர்கள் ஊன்றி மரம் காற்றுக்கு நிலைக்கும். ஆயினும் இங்கும் கழுத்தை மூடலாகாது. தென்னைக்கு வளரும் குருத்து ஒன்றே ஆதலால், மழை அடித்துவரும் மண் அதன்மேல் படிந்து குருத்து அழுகினால், பக்கக் கிளை விட்டுப் பிழைக்க அதற்கு வழியில்லை. எனவே கழுத்தில் சேரும் மண்ணை அவ்வப்போது அகற்றி, கன்று உயர உயர, ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் குழியை அகலப்படுத்திச் சிறிது சிறிதாக நிரப்பிவருவர்.