“நான் இந்தியா இல்ல சித்தி, வீராம்பட்டினம்!” - குட்டீஸுக்கு உறுதிமொழியை எப்படிப் புரிய வைப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு ரெண்டாம் கிளாஸ் படிக்கிறாள். மறுநாள் காலை பிரேயரில் உறுதிமொழியை மைக்கில் சொல்ல அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வாசல் திண்ணையில் நின்று, வலது கையை நேராக நீட்டி, மூச்சே விடாமல் மொத்தத்தையும் ஒப்பித்தாள். ஒரு தப்பு கிடையாது.

“சூப்பர்டி. இதுக்கு என்ன அர்த்தம்?”

“அதெல்லாம் தெரியாது சித்தி. நடுவுல நிறுத்தாம சொல்லணும், அவ்ளோதான்.”

“சரி, உன் நாடு எது?”

“வீராம்பட்டினம்.”

“அப்போ இந்தியா?”

“அது ஸ்கூல்ல சொல்றதுக்கு.”

வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அடுத்து அவள் கேட்ட கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. “எதிர் வீட்டு சொல்தா தாத்தா பிரான்ஸ்னு சொல்றாங்க. அப்போ அவரு நம்ம கூடப்பிறந்தவங்கள்ல வர மாட்டாரா?”

புதுச்சேரிக்காரர்களுக்கு ‘சொல்தா’ யார் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, பிரெஞ்சு பென்ஷனில் இங்கே வாழ்கிறவர்கள். பேச்சு தமிழ், சாப்பாடு மீன்குழம்பு, பாஸ்போர்ட் மட்டும் பிரான்ஸ். அவரைப் பற்றி ஒரு ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன சொல்வீர்கள்?

நாம் எல்லாருமே இந்த உறுதிமொழியை ஸ்கூலில் வருஷக்கணக்கில் சொல்லியிருக்கிறோம். பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் இருக்கும். ‘நாட்டுப்பற்று’ என்ற ஒற்றை வார்த்தையைத் தாண்டி நமக்கு யாரும் அதை விளக்கியதாக ஞாபகம் இல்லை. இப்போது நம் வீட்டுக் குட்டிகள் கேட்கிறார்கள்.

முதலில் ஒரு ஆறுதல். ‘நான் இந்தியா இல்ல’ என்று உங்கள் குழந்தை சொன்னால் பதற வேண்டாம், அது வயசுக்கோளாறு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குழந்தை உளவியல் ஆய்வாளர் ஜான் பியாஜே, ஆன்-மரி வெய்லுடன் சேர்ந்து 1951-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியதுதான். ஜெனீவா ஊர்க் குழந்தைகளிடம், ‘நீ ஜெனீவாவா, சுவிஸ்ஸா?’ என்று கேட்டார்கள். ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட பல குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியும் என்பதே பிடிபடவில்லை. வரைந்து காட்டச் சொன்னால், ஜெனீவாவுக்கு ஒரு வட்டம், அதன் பக்கத்திலேயே தனியாக சுவிட்சர்லாந்துக்கு ஒரு வட்டம். ஒன்றுக்குள் இன்னொன்று இருக்கிறது என்பது அந்த வயதில் வருவதில்லை.

நானும் அன்று சாயங்காலம் கடற்கரை மணலில் இதை முயற்சி செய்தேன். சின்ன வட்டம் வீராம்பட்டினம். அதைச் சுற்றி அரியாங்குப்பம். அதைச் சுற்றி புதுச்சேரி. கடைசியாக ஒரு பெரிய வட்டம், இந்தியா. “இப்போ நீ எங்கே நிக்கிற?” என்றால் நடுவில் போய் நின்றாள். “இந்தியாவுக்கு உள்ளேயா, வெளியேயா?” குனிந்து கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “எல்லாத்துக்கும் உள்ளே” என்றாள். பத்து நிமிஷ வேலை. வீட்டில் டம்ளர், கிண்ணம், பாத்திரம், அண்டா வைத்தும் செய்யலாம்.

இதை எழுதினவர் யாரு?

குழந்தைகளுக்கு ஒரு வாக்கியத்தைவிட, அதைச் சொன்ன ஆள் முக்கியம். அதனால் கதையை அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். உறுதிமொழியை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். இப்போதைய தெலங்கானாவின் நல்கொண்டா பக்கம் அன்னெபர்த்தி என்ற ஊரில் பிறந்தவர். பெரிய தலைவர் இல்லை. விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக, அதாவது அரசாங்கக் கஜானா கணக்கைப் பார்க்கிற வேலையில் இருந்தார். 1962-ல் இதைத் தெலுங்கில் எழுதினார். தென்னேட்டி விஸ்வநாதம் வழியாக அது ஆந்திரக் கல்வி அமைச்சர் பி.வி.ஜி.ராஜுவிடம் போனது. 1963-ல் விசாகப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் முதலில் வாசிக்கப்பட்டது. 1964-ல் மத்திய கல்வி அமைச்சர் எம்.சி.சாக்ளா தலைமையில் பெங்களூரில் கல்வி ஆலோசனைக் குழு கூடி, எல்லாப் பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுபோக முடிவு செய்தது. 1965 ஜனவரி 26-லிருந்து நாடு முழுக்கப் பள்ளிகளில் சொல்லத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு வருத்தமான விஷயம் இருக்கிறது. பாடப்புத்தகங்களில் பல காலம் அவர் பெயரே இல்லை. தான் எழுதியதைத்தான் நாடே சொல்கிறது என்பது அவருக்கே ரொம்ப நாள் தெரியாது. ரிட்டயர் ஆன பிறகு, பேத்தி பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசித்தபோதுதான் தெரிந்தது என்று அவர் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். 1988-ல் இறந்தார். இந்தக் கதையைச் சொன்னதும் எங்கள் வீட்டுக் குட்டி கேட்டது: “அவருக்கு யாரும் தேங்க்ஸ் சொல்லலியா?”

அதே 1962-ல் இங்கே என்ன நடந்தது?

இப்போது சொல்தா தாத்தாவுக்கு வருவோம். இந்த இடத்தில் மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. ‘இது என் நாடு’ என்ற வாக்கியத்தை இந்தியாவில் பெரும்பாலானவர்கள் பிறக்கும்போதே கையில் வாங்கிக்கொண்டார்கள். புதுச்சேரியில் நம் தாத்தா பாட்டி தலைமுறைக்கு அது ஒரு கேள்வியாகவே வந்தது.

1947-ல் ஆங்கிலேயர் போன பிறகும் இங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். மொத்தம் 178 பேர். இந்தியாவுடன் சேரலாம் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால், சட்டப்படி முழுசாக வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். 1956-லேயே கையெழுத்தான ஒப்பந்தத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க அவ்வளவு காலம் ஆனது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. சிலருக்கு பிரான்ஸில் வேலை, சிலருக்கு ராணுவப் பென்ஷன், சிலருக்கு ‘நம்ம ஊரை விட்டுட்டு எங்கே போறது’ என்ற நினைப்பு. இப்படி ஒரு விஷயம் இருக்கிறது என்பதே தெரியாமல் ஆறு மாதத்தைக் கடந்துவிட்டோம் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு? அப்பா அம்மா எடுத்த முடிவுதான்.

அங்கே விசாகப்பட்டினத்தில் ஒரு அதிகாரி ‘இது என் நாடு’ என்று எழுதிய அதே வருஷம், இங்கே ஒரு குடும்பம் திண்ணையில் உட்கார்ந்து ‘எது நம்ம நாடு?’ என்று பேசிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டில் அந்தத் தலைமுறை ஆயாவோ தாத்தாவோ இருந்தால், தயவுசெய்து குழந்தையை விட்டே கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் வராத பாடம் அது.

எதிர் வீட்டுத் தாத்தாவிடம் நாங்களும் போய்க் கேட்டோம். “எங்கப்பா எழுதிக் குடுத்தாரு, நான் ஆயிட்டேன்” என்றார் சிரித்துக்கொண்டே. ஒவ்வொரு ஜூலை 14 அன்றும் கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவிடத்துக்கு கோட்டு போட்டுக்கொண்டு, மெடலைக் குத்திக்கொண்டு போவார். அங்கே இரண்டு நாட்டு தேசிய கீதமும் ஒலிக்கும். “ரெண்டுக்கும் நேராத்தான் நிப்பேன்” என்றார். பாப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் நம் நாட்டுக் குடிமகன் இல்லை, ஆனால் நம் ஊர்க்காரர், நம் மரியாதைக்கு உரியவர். உறுதிமொழியிலேயே பெரியவர்களை மதிப்பது பற்றியும் எல்லாரிடமும் மரியாதையாக நடப்பது பற்றியும் ஒரு வரி வருகிறது. அதில் பாஸ்போர்ட் பற்றி எதுவும் இல்லை.

கஷ்டமான வார்த்தைகள்

‘பன்முக மரபு’ என்று ஒன்று வரும். ஆறு வயசுக்கு அது வாயிலேயே நுழையாது. வீராம்பட்டினத்துப் பிள்ளைகளை அப்படியே பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டுக்குக் கூட்டிப் போங்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, ரோமாபுரியிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. நம்மூரில் செய்த கண்ணாடி மணிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் வேற பாஷை பேசுகிறவர்கள் வந்து வியாபாரம் பண்ணியிருக்கிறார்கள் என்று சொன்னால், பன்முகம் தானாகப் புரியும்.

அடுத்து ‘உடன்பிறந்தோர்’. உறுதிமொழியிலேயே ரொம்பக் கனமான வார்த்தை இதுதான் என்பது என் கருத்து. ஏனென்றால் குழந்தைகள் இதை நம்பிவிடுவார்கள். நம்பிவிட்டு, தெருவில் பார்ப்பார்கள். ‘அவங்க வீட்ல தண்ணி குடிக்காதே’ என்று அதே நாளில் நீங்கள் சொன்னால், பொய் சொல்வது உறுதிமொழியா அம்மாவா என்று அவர்கள் யோசிப்பார்கள். தீண்டாமை குற்றம் என்ற வாசகமும் நாம் படித்த தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களின் முன்பக்கத்தில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அரசியலமைப்பின் 17-வது பிரிவு அதைத்தான் தடை செய்கிறது. ‘உடன்பிறந்தோர்’ என்பதற்கு அதைவிட நல்ல அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

நாட்டின் பெருமைக்குத் ‘தகுதி’ உடையவராக இருக்கப் பாடுபடுவேன் என்ற பொருளில் ஒரு வரி வரும். பெரும்பாலான பெற்றோர் பெருமையோடு நிறுத்திக்கொள்கிறோம். பெருமை சும்மா கிடைக்கிறது. தகுதிக்குத்தான் வேலை செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு உதவியது செங்கழுநீர் அம்மன் தேர். ஆடி மாதத் தேர்த் திருவிழாவுக்கு பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் வருகிறார். “கவர்னர் மட்டும் இழுத்தா தேர் நகருமா?” என்றேன். “ம்ஹூம்” என்றாள். “எங்க ஊர் தேருன்னு சொல்லிட்டு நீ வேடிக்கை மட்டும் பார்த்தா?” பதில் வரவில்லை. ஆனால் புரிந்தது என்று நினைக்கிறேன்.

சொல்ல மாட்டேன் என்றால்?

சில குழந்தைகள் கூட்டத்தில் வாய் திறக்காது. சில வீடுகளில் மத நம்பிக்கை காரணமாக இருக்கலாம். அதட்டுவதற்கு முன் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். பிஜோ இமானுவேல் வழக்கு என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. மரியாதையாக நிற்பதே போதும், நீக்கியது தவறு என்று 1986-ல் தீர்ப்பு வந்தது. தேசிய கீதத்துக்கே அப்படி. உறுதிமொழி அரசியலமைப்பில் உள்ளதும் இல்லை. கட்டாயத்தில் வாங்கினால் அது வாக்குறுதியே இல்லை என்பது குழந்தைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ‘பிராமிஸ் பண்ணு’ என்று மிரட்டினால் பின்னால் விரலைக் கோத்துக்கொள்கிற கூட்டம் அது.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கும் இதே கதைதான். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சொல்லும் உறுதிமொழியின் வரைவை 1966-ல் எழுதியவர் எஸ்.ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர், அப்போது அந்நாட்டின் வெளியுறவு அமைச்சர். 1964-ல் அங்கே இனக்கலவரம் நடந்து உயிர்கள் போயிருந்தன. அதனால் இனம், மொழி, மதம் பார்க்காமல் ஒன்றாக இருப்போம் என்பதுதான் அதன் மையம். நெஞ்சில் கை வைத்து, தமிழிலும் சொல்லலாம்.

திங்கட்கிழமை பாப்பா மைக்கில் சொன்னாள். சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டேன். “நடுவுல ஒரு எடத்துல நிறுத்திட்டேன் சித்தி.”

“மறந்துட்டியா?”

“இல்ல. உடன்பிறந்தோர்னு சொல்லும்போது முன்னாடி நிக்கிறவங்களைப் பார்த்தேன். நெறைய பேரு இருந்தாங்க.”

ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் வருஷா வருஷம் கொடியேற்றுவார்கள். புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் குட்டிகளைக் கூட்டிப் போகலாம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறிவிடும்.