வாய்பாடு வராத பிள்ளை மக்குப் பிள்ளை அல்ல



முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நமது அறக்கட்டளையின் மாலை வகுப்பில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து வாய்பாடு ஒப்பிக்கச் சொல்வது வழக்கம். கற்றல் குறைபாடு உள்ள ஒரு பையன் ஏழாம் வாய்பாட்டில் தினமும் தடுமாறி நின்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருநாள் அவன் வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போய் விசாரித்தோம். “அவனுக்குப் படிப்பு ஏறலைங்க. ஏதாவது கடையில சேர்த்துடலாம்னு இருக்கோம்” என்றார் தாயார். பையனுக்கு வயது பத்து.

அன்றோடு ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்தினோம். பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சில பிள்ளைகளுக்குக் காதால் கேட்டது மனத்தில் தங்குவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலர் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்தே நன்றாகக் கற்கிறார்கள். ‘டிஸ்கால்குலியா’ எனும் கணிதக் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு எண்ணின் அளவே மனத்தில் பிடிபடுவதில்லை. இது சோம்பல் அல்ல. அடித்தால் சரியாவதும் அல்ல.

ஆகவே, மனப்பாடத்துக்கு முன் பொருளைக் காட்டுங்கள். நம் ஊர் உப்பளமே நல்ல கரும்பலகை. வரிசைக்கு 4 பாத்தி வீதம் 3 வரிசை இருந்தால், எண்ணிப் பார்க்கும் பிள்ளை 12 என்று சொல்லும். அதையே பக்கவாட்டில் நின்று பார்த்தால் 4 வரிசை, வரிசைக்கு 3 பாத்தி, அப்போதும் 12தான். வீட்டில் புளியங்கொட்டையை அடுக்கியும் இதைக் காட்டலாம். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை விரலால் தொட்டு எண்ணட்டும். நாளொன்றுக்கு 5 வக்துத் தொழுகை என்றால் வாரத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். 35 என்ற விடைக்கு அதன் வாழ்க்கையிலேயே பொருள் இருக்கும்.

அடுத்து, சுமையைக் குறையுங்கள். ஒன்று முதல் பத்து வரையிலான வாய்பாட்டில் 100 பெருக்கல்கள் உள்ளன. 3×4, 4×3 இரண்டும் ஒன்றே என்று புரிந்துவிட்டால் 55 போதும். 1, 2, 5, 10 ஆகியவற்றின் வாய்பாடுகள் எளிதில் வரும். அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 21. அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்குக் குறுக்குவழி உண்டு:

நான்கால் பெருக்க, இரட்டித்து மறுபடி இரட்டிக்கவும். 4×7: 14, பிறகு 28.

ஒன்பதால் பெருக்க, பத்தால் பெருக்கி ஒரு பங்கைக் கழிக்கவும். 9×7: 70இல் 7 போனால் 63.

மூன்றால் பெருக்க, இரட்டித்து ஒரு பங்கைச் சேர்க்கவும். 3×8: 16உம் 8உம் 24.

இவையும் போக எஞ்சுவது ஆறே ஆறு: 6×6=36, 6×7=42, 6×8=48, 7×7=49, 7×8=56, 8×8=64. வாரத்துக்கு ஒன்று வீதம் அட்டையில் எழுதி, பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். பிள்ளை களைத்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அப்படியும் மனத்தில் நிற்காவிட்டால், வாய்பாட்டு அட்டையைப் பார்த்தே கணக்குப் போடட்டும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பதை யாரும் குறை சொல்வதில்லையே!

பள்ளியை விட்டு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. கற்றல் குறைபாடும் அவற்றில் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களை அணுகுங்கள். மருத்துவச் சான்று, அடையாள அட்டை பெற யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், கூடவே வருகிறோம்.

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்பவராக ஆக்கினார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். அந்த உம்மத்தில் வந்த நாம், ஒரு பிள்ளையை வாய்பாட்டை வைத்து எடை போடலாமா?

அந்தப் பையன் மறுபடியும் வகுப்புக்கு வருகிறான், அல்ஹம்துலில்லாஹ். 7×8 இன்னும் சில நாள் மறந்துவிடுகிறது. அப்போது “ஏழேழு நாற்பத்தொன்பது, அதோட ஒரு ஏழு…” என்று விரல் விட்டு எண்ணி, 56 என்கிறான். யாரும் சிரிப்பதில்லை.