ஏலாக்குறிச்சிச் சாமியார் எங்கே இறந்தார்?

எங்க அப்பாயிக்கு வீரமாமுனிவர் என்ற பெயரே தெரியாது. "ஏலாக்குறிச்சிச் சாமியார்" என்பார். "அவரு இங்கதான்டா அடங்கியிருக்காரு" என்று அடித்துச் சொல்வார். திருமானூர்ப் பக்கத்து ஊர் என்பதால் நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு கிடைத்த நூல்களைப் படித்து, தேதிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அந்தக் குறிப்புதான் இது.

முதலில் சிக்கல் இல்லாதவை. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த வருஷம் மதுரை மிஷனுக்கு வந்தார். கான்ஸ்டன்டைன் என்றால் உறுதியானவர் என்று பொருள். அதனால்தான் தைரியநாதர் ஆனார். வீரமாமுனிவர் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது.

ஏலாக்குறிச்சியில் பல வருஷம் இருந்தார். அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அதன் மேல் ஒரு கலம்பகமும் பாடினார். அரியலூர் அரங்கப்ப மழவராயரின் நோயைக் குணமாக்கியதால் கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்பது ஊரில் இன்றும் சொல்லும் கதை.

3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி, 1728இல் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம், 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி என்று அடுத்தடுத்து வந்தன. ஒரு வேடிக்கை: தரங்கம்பாடி லுத்தரன் மிஷனை எதிர்த்து நூல் எழுதியவர் இவர். ஆனால் அந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சுப் போட்டதே அந்தத் தரங்கம்பாடி அச்சகம்தான்!

இனிதான் சிக்கல். அவருடைய வாழ்க்கையைத் தமிழில் விரிவாக எழுதியவர் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை. எழுதிய வருஷம் 1822. அதாவது பெஸ்கி இறந்து முக்கால் நூற்றாண்டு கழித்து. பெஸ்கியின் சுவடிகளைத் தேடிச் சேர்த்தவரும் அவர்தான். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வாய்வழியாகக் கேட்டவையும் அந்த வரலாற்றில் கலந்துவிட்டன. சந்தா சாகிப்பிடம் சாமியார் திவானாக இருந்தார் என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தா சாகிப் திருச்சியைப் பிடித்தது 1736இல். மராத்தியரிடம் இழந்தது 1741இல். அவர் திருச்சியை ஆண்டபோது நடந்தது என்றால், எல்லாம் அந்த ஐந்து வருஷத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு கதையை நம்புவதற்கு முன்னால் இப்படித் தேதிச் சட்டத்துக்குள் வைத்துப் பார்ப்பது நல்லது.

இறப்பும் இதே மாதிரிதான். பழைய வரலாறுகள் 1742, மணப்பாடு என்கின்றன. இயேசு சபை ஆவணங்களை வைத்து எழுதியவர்கள் 1747 பிப்ரவரி 4, கேரளத்தின் அம்பழக்காடு என்கிறார்கள். நான் இரண்டாவதன் பக்கம். காரணம் எளிது. தங்கள் ஆட்கள் எந்த ஊரில், என்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்று சபை அந்தந்தக் காலத்திலேயே பட்டியல் எழுதி வைத்தது. பல பத்தாண்டு கழித்து நினைவிலிருந்து சொன்னதைவிட, அந்தச் சமயத்தில் எழுதிய பட்டியலுக்கு எடை அதிகம். அம்பழக்காட்டில் சபையின் குருமடமும் இருந்தது. வயதான குரு ஒருவர் கடைசி நாட்களைக் கழிக்கப் பொருத்தமான இடம்.

ஆக, இரண்டு கணக்கிலும் ஏலாக்குறிச்சி இல்லை. அப்பாயி இருந்திருந்தால் இதை எப்படிச் சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். பொய் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். பழைய ஓலைகளில் எ, ஒ குறிலா நெடிலா என்று மேலே வைக்கும் புள்ளியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பலர் விட்டுவிடுவார்கள். நெடிலுக்கு ஏ, ஓ என்று தனி வடிவமும், கே, கோ போன்றவற்றுக்குச் சுழித்த இரட்டைக் கொம்பும் வந்தது பெஸ்கியின் சீர்திருத்தம் என்பார்கள். ஏலாக்குறிச்சி போகும் பஸ்ஸின் பலகையில் முதல் எழுத்தைப் பாருங்கள். அவர் அடங்கிய இடம் அம்பழக்காடாக இருக்கலாம். அந்த "ஏ" இங்கேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பழைய கோயில் கணக்கு, நிலப் பத்திரம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு தேதி போதும், ஒரு கதையைச் சரிபார்க்க.